‘எங்கேஜ்மென்ட்’: ஈடுபாடா, அளவளாவலா?

தருமபுரியிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். உடற்பயிற்சிச் செயலி ஒன்றைச் சந்தைப்படுத்துவோர், நடைப்பயிற்சியாளரும் ஓட்டக்காரரும் கூடும் இணையக் குழுக்களைத் தேர்ந்து, முட்டிவலி பற்றியும் காலணி பற்றியும் அங்கே எழும் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகி, பிறகே செயலியின் பேச்சை எடுக்கும் முறையை ‘டார்கெட்டட் எங்கேஜ்மென்ட்’ என்கிறார்கள். ‘இலக்குசார் ஈடுபாடு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, ஈடுபாடு நிறுவனத்துக்கா பயனருக்கா என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

ஓசூரிலிருந்து:
ஐயா, ஈடுபாடே இருக்கட்டும். விருப்பக்குறி, பின்னூட்டம், பகிர்வு ஆகியவற்றைக் கூட்டி, பதிவைப் பார்த்தோர் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கி வருவதை ‘ஈடுபாட்டு விகிதம்’ என்றே அலுவலகத்தில் சொல்கிறோம். எல்லோருக்கும் புரிகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:
புரிவதாலேயே ஒரு சொல் பொருந்திவிடாது. ஈடுபாடு உள்ளத்தின் நிலை. ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் பிறர் ஓட்டத்துக்குப் போகிற போக்கில் ‘கூடோஸ்’ என்னும் பாராட்டுக்குறியைத் தட்டுவதை அச்சொல்லால் குறிப்பது முறையன்று. ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்பது 523ஆம் குறள். அளவளாவு என்பதற்குப் பரிமேலழகர் நெஞ்சு கலத்தல் என்று உரை கண்டார். கோடு என்பது கரை. ஏரி பார்த்து வளர்ந்த நம் மாணவர்க்கு, கரையில்லாக் குளத்தில் நீர் தங்காது என்பதை விளக்க வேண்டியதில்லை. விளம்பரத்தால் மட்டும் வந்து குவியும் பயனர்களும் அப்படியே வடிந்துபோவார்கள். தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைத்துப் பேசுவோர் செய்வதும் அளவளாவல் ஆகாது. ‘இலக்கு’ எனக்கு உடன்பாடில்லை. அது வடசொல் திரிபா, தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் வழியினர் சொல்வதுபோலத் தமிழேதானா என்பது தனி வழக்கு. அம்பு எய்பவனுக்குரிய சொல்லால் உரையாடப் போகிறவனைக் குறிக்கலாகாது என்பதே என் மறுப்பு. ‘தேர்குழு அளவளாவல்’ எனலாம். தேர்குழு வினைத்தொகை; முக்காலமும் அடங்கும்.

ஓசூரிலிருந்து:
தேர்குழுவை மாணவர்கள் தேர்வுக்குழு என்றே படிப்பார்கள், ஐயா. தவிர, நெஞ்சு கலந்ததை எந்த விகிதத்தில் கணக்கிடுவது?

தருமபுரியிலிருந்து:
அந்தக் கேள்வியே எனக்கு வழிகாட்டியது. நிறுவனம் குழுவில் செய்வதை அளவளாவல் என்றும், பயனரிடம் எண்ணி அளப்பதை ஈடுபாடு என்றும் பிரித்துவிட்டேன். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பதால் நாமும் அடக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு ‘இலக்குக்குழு அளவளாவல்’ என்று அச்சுக்கு அனுப்புகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
அளவளாவலுக்கு மகிழ்ச்சி. இலக்கின் மீதான மறுப்பு நிற்கிறது. அடுத்த அச்சுக்கு முன் மீண்டும் எழுதுவேன்.