அப்பாயியின் கறுப்புக் கூடை

குழு: வெண்ணாற்றங்கரை வீடு

மே 5

நான்: (படம்) வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். மூலையில் இது கிடைத்தது. மண்பானை என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கினேன், வெறும் காற்று மாதிரி வந்துவிட்டது. என்ன இது?

சென்னை அண்ணன்: தேங்காய் நார்?

கும்பகோணம் சித்தி: ஓலைப் பெட்டிமேல் சாணி மெழுகியது போல் தெரிகிறது.

நான்: ஓலை இல்லை சித்தி. விளிம்பு கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. உள்ளே அரைபடாத ஒரு துண்டில் அச்செழுத்து தெரிகிறது, "மாலை 6" என்று.

மன்னார்குடி அத்தை: அடியே, அது அப்பாயி செய்த பேப்பர் கூடை! காகிதத்தையும் வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லில் அரைத்துச் செய்தது. இன்னுமா இருக்கிறது? பத்திரமாக வை. பெயிண்ட்காரப் பையன்கள் அதில் சுண்ணாம்பு கரைத்துவிடப் போகிறார்கள்.

பெரியப்பா: பழைய சாமான்காரன் வந்தால் அதையும் சேர்த்துப் போட்டுவிடு.

அத்தை: ஏன் அண்ணே?

பெரியப்பா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

பெரியப்பா: ஒன்றும் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று சொன்னேன்.

நான்: அத்தை, வெளியே முழுக்கக் கறுப்பு. ஆனால் உள்ளே, அடியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் நிறம் வேறாக இருக்கிறது. ரோஸ் மாதிரி. (படம்)

அத்தை: கறுப்பு அடுப்புப் புகை. அடுப்புக்கு மேலே உறியில்தான் தொங்கும். விதைக்கு எடுத்த அவரை, பீர்க்கு, மிளகாய் வற்றல் எல்லாம் அதில்தான். புகை பட்டதால்தான் பூச்சி தொடவில்லை.

நான்: ரோஸ்?

அத்தை: அது வேறு கதை. அதைச் சொல்ல வேண்டியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

மே 6

நான்: பையனின் பன்னிரண்டாம் வகுப்பு நோட்டு மட்டும் ஒரு சாக்கு இருக்கிறது. பழைய பேப்பர்காரர் கிலோ பத்து ரூபாய்க்கு மேல் முடியாது என்கிறார். அதில் இரண்டு கிலோ எடுத்து நானும் ஒரு கூடை செய்யலாமா?

அத்தை: செய். ஆனால் கத்திரி வெயில் முடிவதற்குள் செய்துவிடு. ஐப்பசியில் ஆரம்பித்தாயானால் காயவே காயாது, பூசணம்தான் மிஞ்சும்.

அத்தை: (குரல் பதிவு 4:12)

சென்னை அண்ணன்: மீட்டிங்கில் இருக்கிறேன். யாராவது எழுத்தில் போடுங்கள்.

கார்த்தி தம்பி: நான் எழுதுகிறேன். நான்கு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் பக்கத்து வீட்டுச் சேவலுக்குத் திட்டு, அதை விட்டுவிட்டேன்.
காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது, கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில்தான் நார் வெளியே வரும். பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம், அது ஊறாது. மூன்று நாள் ஊற வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் தெருவே மூக்கைப் பிடிக்கும். வெந்தயத்தைத் தனியாக ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பிழிந்த காகிதம் நான்கு உருண்டை என்றால் வெந்தயம் ஒரு கைப்பிடி. இரண்டையும் சேர்த்து அடை மாவு பதத்துக்கு அரைக்க வேண்டும். தவலையைக் கவிழ்த்து, நனைத்த பழைய வேட்டித் துணியைப் போர்த்தி, அதன் மேல் அடியில் தொடங்கி விளிம்பு வரை சுண்டுவிரல் கனத்துக்குத் தட்டிக்கொண்டே வர வேண்டும். முதல் நாள் நிழல், மறுநாளிலிருந்து வெயில். பாதி காய்ந்ததும் தவலையை உருவிவிட வேண்டும். கடைசியாக வெந்தய விழுதில் மஞ்சள் கலந்து உள்ளும் புறமும் ஒரு பூச்சு.

அத்தை: சேவலையும் எழுதியிருக்கலாம். காலையில் எல்லாவற்றையும் கிளறிப்போட்டுவிட்டது.

சென்னை அண்ணி: ஃபெவிகால் ஊற்றினால் இவ்வளவு வேலை இல்லையே?

அத்தை: ஊற்றலாம். ஆனால் ஃபெவிகாலுக்குக் கசப்பு கிடையாது.

கார்த்தி: அத்தை சொல்வது சரிதான் அண்ணி. ஊறிய வெந்தயத்தில் வரும் வழவழப்பே நல்ல பசை, அதற்குக் கேலக்டோமன்னன் என்று பெயர். மைதாப் பசையில் செய்தால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து வைத்தது போல. அட்டைப்பெட்டியில் கரப்பான் குடியேறுவதும் பாதி அதனால்தான்.

சென்னை அண்ணி: ஆமாம், எங்கள் ஃப்ளாட்டில் போன வருடம் கொலுப் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் வைத்து, திறந்தால் பிள்ளையார் காதில் முட்டை.

கும்பகோணம் சித்தி: அந்தப் பிள்ளையாரே பண்ருட்டிக் காகிதக் கூழ் பொம்மைதானே. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் பாதி காகிதக் கூழ்தான். அதெல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, இது பரணில் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கும்பகோணம் சித்தி: (படம்) இது என் பங்கு. டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டியைக் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டை. வயர் கூடை பின்னுகிற அதே பின்னல். ஓரம் கையை அறுக்கும், துணி சுற்றிக்கொண்டு பின்ன வேண்டும். தேங்காய் பதினைந்து தாங்குகிறது.

நான்: சித்தி, கைப்பிடி பிரமாதம்.

பெரியப்பா: எதற்கு இந்தப் பாடு? எங்கள் கொல்லையில் மூடி போட்ட வெள்ளைக் கேன் ஐந்து கிடக்கிறது. கழுத்தை அறுத்தால் அரிசி, உளுந்து எல்லாம் போடலாம். எலி கடிக்காது.

கார்த்தி: எதன் கேன் பெரியப்பா?

பெரியப்பா: தாளடி நெல்லுக்கு அடித்த பூச்சி மருந்து. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். வாசனைகூட இல்லை.

கார்த்தி: லேபிளில் சாய்சதுரம் இருக்கும், அதில் கீழ்ப்பாதி முக்கோணம் என்ன நிறம்?

பெரியப்பா: மஞ்சள்.

கார்த்தி: பெரியப்பா, சிவப்புக்கு அடுத்த விஷம் மஞ்சள். அதற்குப் பிறகுதான் நீலம், பச்சை. வாசனை போய்விட்டது என்றால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, அந்தப் பிளாஸ்டிக்கே மருந்தைக் குடித்து வைத்திருக்கும். அரிசி வேண்டாம், மாட்டுக்குத் தண்ணீர்கூட வேண்டாம். மருந்து தீர்ந்த உடனே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றியிருக்க வேண்டும். இனி யாரும் எடுக்காதபடி கேனைக் குத்தி ஓட்டை போட்டு, வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தள்ளிப் புதைக்கச் சொல்கிறார்கள். உடைத்துப் புதைக்க வேண்டும் என்பது 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது.

பெரியப்பா: நாங்கள் எல்லாம் அதில் மோர் கொண்டுபோய்க் குடித்தோம்.

அத்தை: அண்ணே, போதும். ஓட்டை போடுங்கள்.

பெரியப்பா: 👍

மே 10

நான்: அத்தை, மிக்ஸி புகைகிறது.

அத்தை: எவ்வளவு போட்டாய்?

நான்: ஜார் நிறைய.

அத்தை: அது என்ன தேங்காய்ச் சட்னியா? ஒரு கைப்பிடி காகிதம், இரண்டு தம்ளர் தண்ணீர், நிறுத்தி நிறுத்தி ஓட்டு. ஆற விடு. அப்புறம், அந்த ஜாரில் இனி சாப்பாட்டுக்கு எதுவும் அரைக்காதே.

நான்: அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சித்தப்பா (திருவையாறு): அவர் குழுவில்தான் இருக்கிறார் அம்மா.

மே 13

நான்: (படம்) பாருங்கள்! தவலைமேல் தட்டி முடித்துவிட்டேன். நீல மை, சிவப்பு மை எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. கணக்கு நோட்டு போலிருக்கிறது, சிவப்பு ஜாஸ்தி.

சென்னை அண்ணன்: 😂 உன் பையன் பார்த்தால் கோபித்துக்கொள்வான்.

கார்த்தி: அக்கா, மை இருப்பதால் ஒன்று சொல்கிறேன். உரிக்காத பூண்டு, வெங்காயம், துணி, மருந்துச் சீட்டு என்று வை. முறுக்கு, வடை எல்லாம் நேரே போட வேண்டாம். செய்தித்தாளில் பலகாரம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே சொல்லியிருக்கிறது, மை எண்ணெயில் இறங்கும்.

அத்தை: புளியும் வைக்காதே. கசிந்து கூடையைத் தின்றுவிடும்.

மே 15

நான்: அத்தை, போச்சு. துணி போட மறந்துவிட்டேன். தவலையை உருவினால் அடிப்பாகம் தவலையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கை அகலத்துக்கு ஓட்டை.

அத்தை: அழாதே. தவலையில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்காதே, ஊறப்போடு, தானே வரும். கூழ் மிச்சம் இருக்கிறதா?

நான்: இல்லை. நோட்டு எல்லாம் பேப்பர்காரருக்குப் போய்விட்டது. நோட்டுக்குப் போட்ட காக்கி அட்டைதான் கிடக்கிறது.

அத்தை: அதையே ஊறவைத்து அரை. ஓட்டையின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மெதுவாக்கிக்கொள், உள்ளேயும் வெளியேயும் சேர்த்து அப்பு. காய்ந்த கூடையில் ஈரக் கூழை வைத்தால் ஒட்டாது, பெயர்ந்துவிடும். நிறம்தான் வேறாகத் தெரியும். தெரிந்தால் என்ன, உன் அப்பாயி கூடையிலும்தான் தெரிகிறது.

நான்: ஓ. அந்த ரோஸும் இப்படி ஒட்டுப் போட்டதுதானா? அப்பாயியும் துணி போட மறந்தார்களா?

அத்தை: அப்பாயியா, மறப்பதா? அண்ணே, நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

சித்தப்பா: அண்ணன் தட்டச்சு செய்கிறார் என்று ஐந்து நிமிடமாகக் காட்டுகிறது.

பெரியப்பா: நான் அப்போது ஐந்தாவது படிக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் விட்டு, நம் வாய்க்காலுக்கு வருவதற்கு இன்னும் சில நாள் ஆகும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையோடு சருகைத் தள்ளிக்கொண்டு வரும். அதோடு கெண்டைக் குஞ்சு துள்ளிக்கொண்டு வரும். பையன்கள் எல்லாம் துண்டோடு ஓடினார்கள். என்னிடம் துண்டு இல்லை. உறியிலிருந்து கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சென்னை அண்ணன்: காகிதக் கூடையை. தண்ணீருக்கு.

பெரியப்பா: பார்ப்பதற்கு மரம் மாதிரி இருந்தது. முதல் நாலு தடவை நன்றாகத்தான் அள்ளியது. பிறகு அடி கஞ்சி மாதிரி ஆகி, மீனோடு போய்விட்டது.

நான்: அப்பாயி அடித்தார்களா பெரியப்பா?

பெரியப்பா: அடித்திருந்தால் பரவாயில்லை. டூரிங் டாக்கீஸ்காரன் மாட்டு வண்டியில் தப்பு அடித்துக்கொண்டு நோட்டீசு வீசுவான். ரோஸ் காகிதம். நான் வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடிப் பொறுக்கி மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். டிரங்குப் பெட்டியில், மடிப்புக் கலையாமல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மொத்தமும் அண்டாவில் ஊறிக்கொண்டிருக்கிறது.

கும்பகோணம் சித்தி: அய்யோ.

அத்தை: கிழித்துக் கொடுத்தது நான்தான்.

பெரியப்பா: தெரியும்.

சித்தப்பா: இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாதே!

பெரியப்பா: நீ அப்போது தூளியில்.

கார்த்தி: அக்கா, அந்த "மாலை 6" நோட்டீசு எழுத்துதான் போலிருக்கிறது. முதல் ஆட்டம்.

நான்: அது விளிம்பில் இருக்கிறது கார்த்தி, ரோஸ் அடியில்.

அத்தை: மிச்சக் கூழை அம்மா விளிம்பில் பூசினாள். விளிம்பையும்தானே கடித்து வைத்திருந்தது அந்த வாய்க்கால்.

மே 19

நான்: (படம்) முடிந்தது. சாம்பல் கூடை, காக்கி அடி, மஞ்சள் பூச்சு. நான்கு நாள் வெயில். தட்டினால் டங் என்கிறது. பூண்டு இரண்டு கிலோ போட்டிருக்கிறேன்.

அத்தை: கீழே இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் வை. தரை ஈரம் ஏறும். மழைக்காலத்தில் அடுப்படிப் பக்கம் மாற்றிவிடு.

சென்னை அண்ணி: எனக்கு ஒன்று. கொலுவுக்குள். துணி போட்டு.

பெரியப்பா: அந்தப் பழைய கூடையைச் சாமான்காரனிடம் போட்டுவிட்டாயா?

நான்: இல்லை பெரியப்பா. அலமாரிமேல் இருக்கிறது.

பெரியப்பா: சரி. ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு அப்படியே வருகிறேன். எடுத்து வை.

அத்தை: எதற்கு அண்ணே, ஊறவைத்து நோட்டீசைப் பிரித்து எடுக்கவா?

பெரியப்பா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது