பிரிட்டனில் பிரசவம்: நம் பேச்சைக் கேட்க வைத்த அனுபவங்கள்

ஹாரோவிலிருந்து

இரண்டாவது குழந்தை, 33-வது வாரம். ராத்திரி படுத்தால் போதும், உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பிக்கும். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. தோல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளுக்குள்ளிருந்து அரிக்கும். ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துக் காலை அதில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

மிட்வைஃபிடம் (பேறுகாலச் செவிலியரிடம்) சொன்னேன். "வயிறு பெரிதாகும்போது தோல் இழுபடும், லோஷன் போடுங்கள்" என்றார். அடுத்த வாரம் போனில் வேறொருவர், அதே லோஷன். ஊருக்குப் போன் செய்தால் அம்மா, "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்றார். மூன்றாவது முறை மிட்வைஃபிடம் சொல்ல எனக்கே கூச்சமாகிவிட்டது.

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் கர்ப்பிணிகள் சிலர் கூடுவோம். கறுப்பினப் பெண்கள்தான் அதிகம். அப்புறம் இரண்டு வங்காளதேசப் பெண்கள், நான். நைஜீரியப் பூர்வீகமுள்ள ஓர் அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சொறிந்து சொறிந்து உள்ளங்கை நடுவில் தோல் கிழிந்திருந்தது. "இது லோஷன் விஷயம் இல்லை. பித்த அமிலம் பார்க்கச் சொல்" என்றார். அவருடைய தங்கைக்கு இதே போல வந்திருந்ததாம். பித்தநீர் சரியாக ஓடாமல் ரத்தத்தில் பித்த அமிலம் கூடிவிடுகிற கோளாறு இது. இந்த நாட்டில் தெற்காசியப் பெண்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பதும், அளவு மிக அதிகமானால் குழந்தை வயிற்றிலேயே இறக்கிற ஆபத்து உண்டு என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர் எனக்கு ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார்: "இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்பதை என் மருத்துவக் குறிப்பில் எழுதுங்கள்." நூலக வாசலில் நின்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்காமல் வரும்வரை அவர் விடவில்லை. திங்கட்கிழமை என்கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு நோட்டைத் திறந்து வைத்தேன்: எந்த ராத்திரி, எத்தனை மணி, யாரிடம் சொன்னேன், என்ன பதில். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நோட்டைப் பார்த்ததும் ரத்தம் எடுத்துவிட்டார்கள். பித்த அமிலம் 47, இருக்க வேண்டியதைவிட அதிகம். அதற்குப் பிறகு ஒழுங்காகக் கவனித்தார்கள், 38-வது வாரத்தில் வலி வரவைத்தார்கள். மகள் நலம். பிரசவத்துக்குப் பிறகு அரிப்பு தானாகவே போய்விட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? பயமுறுத்துவதற்குக் கேட்கவில்லை. அந்த அக்கா மட்டும் அன்று கையைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் வெந்தயம்தான் குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

அக்கா, எனக்கு மகன் பிறந்த நாலாம் நாள். மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்த்தவ. அறையில் மஞ்சள் பல்பு. "நிறம் நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டா. பிள்ளையோ பால் குடிக்க எழும்பவே இல்லை, காலில் தட்டினாலும் நித்திரைதான்.

பின்னேரம் என்ர அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில் பிடித்தா. கண் மடலை மெல்ல விலக்கினா. வெள்ளை விழி மாம்பழச் சாறு மாதிரி மஞ்சள். கீழுதட்டை இறக்கி முரசை (ஈறை) பார்த்தா, அங்கேயும் மஞ்சள். "இவன் கறுப்பு, தோலில் எப்படித் தெரியும்? கண்ணைப் பார்க்க வேணும்" என்று சொன்னா. அன்றிரவே கொண்டு போனோம். மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் நீல வெளிச்சத்தின் கீழே வைத்திருந்தார்கள்.

2023-இல் இங்கே, சுகாதாரத்தில் இன வேறுபாடுகளை ஆராயும் 'ரேஸ் அண்ட் ஹெல்த் அப்சர்வேட்டரி' என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்கும் முறைகள், 'உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு' என்பது போன்ற சொற்கள் எல்லாம் வெள்ளைத் தோலை வைத்தே வந்தவை, கறுத்த பிள்ளைகளுக்கு அவை பொருந்தாது என்று அதில் இருந்தது. அதை வாசிக்கும்போது அழுகை வந்துவிட்டது. எங்கட அம்மாவுக்குத் தெரிந்தது பாடப் புத்தகத்தில் இல்லையே என்று.

கிராய்டனிலிருந்து

நான் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஆளை அடையாளம் காட்டாமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் "இடுப்பு வலி வந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். நமக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பதற்றத்தில் கணவர் அதை 'முதுகு வலி' என்று ஆங்கிலத்தில் சொல்ல, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிரசவ அறைக்குள் இருந்தாள்.

'பரவாயில்லை' என்கிற சொல்லும் அப்படித்தான். வலி எவ்வளவு என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை" என்பாள். அதை 'வலி இல்லை' என்று மொழிபெயர்த்தால் அவளுக்குச் செய்கிற துரோகம். "தாங்கிக்கொண்டிருக்கிறாள், வலி இருக்கிறது" என்றுதான் நான் சொல்வேன். சத்தம் போடும் பெண்களையோ, 'இவர்கள் எல்லாம் மிகைப்படுத்துவார்கள்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கத்தினாலும் தப்பு, கத்தாவிட்டாலும் தப்பு.

கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் இலவசம், போன் வழியாகவாவது ஒருவரைக் கேளுங்கள். வீட்டில் நடப்பதைக் கணவர் முன்னால் சொல்ல முடியாத பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1984-இலேயே ஆசியத் தாய்-சேய் இயக்கம் என்று ஒன்று தொடங்கி, நம் மொழிகள் பேசும் பெண்களை இணைப்புப் பணியாளர்களாக வைத்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். புகார் கொடுத்தால் விசாவில் சிக்கல் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஹாரோ தோழி, நீங்கள் புகார் கொடுத்தீர்களா?

ஹாரோவிலிருந்து

கொடுத்தேன். என் கணவருக்கும் அதே பயம்தான் இருந்தது. புகாருக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை. பொதுவாக 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு யார் வேலையும் போக வேண்டும் என்றில்லை. உள்ளங்கை அரிப்பு என்றால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும், அதைத்தான் எழுதினேன். மன்னிப்புக் கடிதம் வந்தது. அதைவிட, மிட்வைஃப்களுக்கான பயிற்சியில் இதைச் சேர்ப்பதாக எழுதியிருந்தது எனக்கு முக்கியம்.

அந்த நைஜீரிய அக்காவுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். 2018-இல் வந்த தாய்மார் மரண அறிக்கையில், வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பெண்கள் 5 மடங்கு, ஆசியப் பெண்கள் சுமார் 2 மடங்கு இறக்கிறார்கள் என்று இருந்தது. அதைப் பார்த்து டினுகே ஆவே, க்ளோட்டில்ட் அபே என்ற இரண்டு தாய்மார் 2019-இல் 'ஃபைவ் எக்ஸ் மோர்' (ஐந்து மடங்கு அதிகம்) அமைப்பைத் தொடங்கினார்கள். வாய் திறந்து பேசு, துணைக்கு ஒருவரை வை, எல்லாவற்றையும் எழுதி வை என்று அவர்கள் சொல்லித் தருகிற படிகள்தான் அக்கா எனக்குச் சொன்னவை. அவர்களுடைய மனுவில் 1,87,000-க்கும் மேல் கையெழுத்து சேர்ந்து, 2021 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. கறுப்பினப் பெண்கள் போட்ட பாதையில்தான் நான் நடந்து போய் ரத்தம் கொடுத்தேன். இதை நம் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம்மில் சிலர் அவர்களை ஒதுக்கிப் பேசுவதைக் கேட்டால் மனசு வலிக்கிறது.

ஈஸ்ட் ஹாம் தங்கச்சி, வரும் சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வர முடியுமா? மூன்று பேருக்கு இந்த மாதம் பிரசவம். ஜன்னல் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். கண்ணையும் முரசையும் எப்படிப் பார்ப்பது என்று அம்மா தமிழிலேயே சொல்லட்டும், கிராய்டன் தோழி மொழிபெயர்ப்பார்.