கடற்கரை மேடையில் 'ஆந்த்ரேயா ஷெனியே' போடுவது எப்படி?

தேவிபட்டினம் மேடை (கேள்வி):
பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் ஜோர்தானோவின் இத்தாலிய ஓபராவிலிருந்து ஒரு மணி நேரப் பகுதியைத் திறந்தவெளியில் போட நினைக்கிறோம். பாட்டு ஒலிப்பதிவிலிருந்து வரும், நடிப்பு மட்டும் எங்கள் ஆட்கள் 18 பேர். மேடை 30-க்கு 20 அடி, கடல் கூப்பிடு தூரம். எந்த அங்கங்களை எடுப்பது? தலை வெட்டும் எந்திரமான கில்லட்டின் செய்யத்தான் வேண்டுமா? எந்த மாதம் தோது?

கூத்துக்காரன், கீழக்கரை:
நான்கில் மூன்றாவதும் நான்காவதும் போதும். மூன்றாவது ஏறக்குறைய 35 நிமிடம், கடைசி 20-க்குள். முதல் அங்கம் பிரபு வீட்டு விருந்து. பொய்முடி, பட்டுப் பாவாடை என்று துணிச்செலவிலேயே குழு படுத்துவிடும். ஷெனியேவுக்கும் பிரபு வீட்டு மகள் மத்தலேனாவுக்கும் காதல் எப்படி வந்தது என்பதைக் கட்டியக்காரன் இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். நம்ம சனத்துக்கு அது பழகிய முறைதான். நிஜக் கவிஞன் ஷெனியே 1794 ஜூலை 25-இல் தலை வெட்டப்பட்டதையும், மூன்றே நாளில் புரட்சித் தலைவன் ரோபஸ்பியருக்கும் அதே கதி வந்ததையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவில் சொன்னால் இசை தந்ததைப் பேச்சு கெடுக்கும்.

மூன்றாவது புரட்சி நீதிமன்றம். அங்கே கூட்டம்தான் கதாநாயகன். ஷெனியே, மத்தலேனா, ஷெனியேமேல் குற்றச்சாட்டு எழுதும் புரட்சிக்காரன் ஜெரார், பேரனைப் படைக்குத் தரும் குருட்டுக் கிழவி மதலோன், நீதிபதி, அரசு வக்கீல் போக 12 பேர் மிஞ்சுவார்கள். பின்னால் வரிசையாக நிறுத்தினால் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி இருக்கும். நான்கு நான்காகப் பிரித்து, ஒரு பிரிவைப் பார்வையாளர் நடுவிலேயே உட்கார வையுங்கள். தான் எழுதிய குற்றச்சாட்டு பொய் என்று ஜெரார் சபையில் ஒப்புக்கொள்ளும் இடம்தான் வழக்கமாகக் கெடும். அவன் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் அசையக் கூடாது. முன்னாலேயே கூச்சல் கிளம்பினால் கதையின் திருப்பமே யாருக்கும் எட்டாது.

கில்லட்டின் வேண்டாம். மூலத்திலேயே சிறை வாசலில் விடியலில் பெயர் கூப்பிட, ஷெனியேயும் மத்தலேனாவும் வண்டியேறுவதோடு முடிகிறது. மாட்டுவண்டி போதும், மாடு கூடாது: ஒலிபெருக்கிக்கு மிரளும். இருவர் பின்பக்கம் கால் வைத்ததும் நுகத்தடி மேலே தூக்கும். பின்னால் முட்டுக்கட்டை கொடுத்து, முன்னால் இருவர் நுகத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

தட்டி வேலை, பாம்பன்:
பிப்ரவரி, மார்ச். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தட்டி நிற்காது, வாடைக் காலத்தில் மழை.

8-க்கு 4 அடி ப்ளைவுட் தட்டியை மணிக்கு 36 கி.மீ. காற்று 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. 4 அடி பின்னால் சவுக்குக் கம்பில் முட்டுக் கொடுத்து, அதன் அடியைத் தட்டியோடு சட்டம் வைத்துப் பிணைத்து, மேலே 25 கிலோ மணல் மூட்டை இரண்டு போடுங்கள். மேடைக்கால் மணலில் ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் அடியில் பலகை வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் ஏறும்போது ஒரு பக்கம் இறங்கும்.

நீதிமன்றத்துக்கு இரண்டு ஈட்டியில் கட்டிய பெரிய மூவண்ணத் துணி கட்டாயம். அதைக் கெட்டித் துணியில் தைக்காதீர்கள், இரண்டு ஈட்டியையும் பிடுங்கிவிடும். கொசுவலைத் துணியில் நீலம், வெள்ளை, சிவப்பு. அடிவிளிம்பில் 1 அங்குல பி.வி.சி. குழாயை நுழைத்து மணல் நிரப்பி, இரு முனையையும் கட்டிவிடுங்கள். சிறைக் கம்பிக்கும் அதே குழாய்தான், மட்டக் கறுப்புப் பெயின்ட். பளபளப்பு வாங்கினால் விளக்கில் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுக்கும்.

தேவிபட்டினம் மேடை:
உரிமைச் சிக்கல் வருமா அண்ணே? எந்தப் பதிவை எடுப்பது?

ஒலிக்காரன், மண்டபம்:
ஜோர்தானோ 1948-இல் இறந்தார், 60 ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் இசைக்கு உரிமை முடிந்துவிட்டது. பதிவுக்குத் தனிக் கணக்கு: வெளியான ஆண்டிலிருந்து 60. இத்தாலியப் பாடகர் ஜில்லி பாடிய 1941-ஆம் வருட முழுப் பதிவுக்கு அந்த உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மோனோ (ஒற்றைத் தட ஒலி), கூட்டப் பாட்டு குழம்பும். பாஸை (அடித்தொனியை) ஏற்றாதீர்கள், திறந்தவெளியில் இன்னும் மோசமாகும். வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினால் எந்திரமே உரிமைக் கோரிக்கை போடும், அதற்குத் தயாராக இருங்கள்.

நடிகர் வாயசைக்க வேண்டாம், இத்தாலியச் சொல்லுக்குப் பொருந்தவே பொருந்தாது. தமிழ் வரிகளை வெள்ளையடித்த 8-க்கு 2 அடிப் பலகையில் புரொஜெக்டர் வழியே காட்டுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு வரி. துணித்திரை ஆடினால் எழுத்தும் ஆடும். கட்டியக்காரன் மைக்குக்கு ஸ்பாஞ்ச் போதாது, ரோமம் வைத்த உறை போடுங்கள். ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில் வையுங்கள், எதிர்ப்பக்கம் வைத்தால் சத்தமும் புகையும் நேரே சனத்துக்குத்தான் வரும்.