பாலே உடையை மாற்றியவர் யார்: ஓவியரா, ஆடியவரா?

நூலிழை:
1909-இல் கலை நிகழ்ச்சி அமைப்பாளர் செர்கெய் தியாகிலெவ் தம் ரஷ்ய பாலே குழுவைப் பாரிஸின் ஷாட்லே அரங்குக்கு அழைத்து வந்தார். பாலே உடையின் பழைய காலம் அத்தோடு முடிந்தது என்பதே என் கட்சி. அதற்கு முன் கதை எகிப்தில் நடந்தாலும் இந்தியக் கோயிலில் நடந்தாலும் நாயகிக்கு அதே இறுக்கிய மேற்சட்டை, அதே விறைத்த குட்டைப் பாவாடை. அந்த டூட்டூவின் மேல் தைக்கும் அலங்காரப் பட்டைதான் நாட்டுக்கு நாடு மாறும். தியாகிலெவின் ஓவியர் லெயோன் பாக்ஸ்ட் இந்த வழக்கத்தை உடைத்தார். 1910-இல் 'நெருப்புப் பறவை'யாக வந்த தமாரா கர்சாவினாவுக்கு டூட்டூவே கிடையாது. மெல்லிய கால்சராயும் இறகுகளும் மணிகளும்தாம். அதே ஆண்டு 'ஷெஹரசாத்' மேடையேறியபோது, பச்சையும் நீலமுமான திரைகளுக்கு முன்னால் பாக்ஸ்ட் உடுத்திவிட்ட நிறங்களைப் பார்த்துப் பாரிஸ் நகரமே கிறங்கியது. ஓவியர் உள்ளே வந்ததால்தான் உடல் வெளியே வந்தது.

மேடைப்பக்கம்:
நூலிழை அவர்களே, பாதிக் கதையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். 1904 டிசம்பரில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அமெரிக்க நடனக்காரி இசடோரா டங்கன் ஆடினார். இறுக்கும் உள்ளாடை இல்லை, காலணி இல்லை, மெல்லிய அங்கி மட்டும். 1907-இல் அதே ஊரில் நடன அமைப்பாளர் மிகைல் ஃபோகின் 'யூனிஸ்' பாலேவை அமைத்தபோது ஆடுபவர்கள் வெறுங்காலுடன் வர வேண்டும் என்று விரும்பினார். அரச அரங்கில் அதற்கு இடமில்லை. காலுறையின் மேலேயே கால்விரல்களை வரைந்துகொண்டு ஆடினார்கள்! பாரிஸுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்தது இது. 1911 ஜனவரியில் 'ஜிசெல்' ஆடிய நிஜின்ஸ்கி, இறுக்கமான காலுடையின் மேல் வழக்கமாகப் போடும் அரைக்கால்சட்டையைப் போடாமல் மேடைக்கு வந்தார். அரச அரங்கு அவரை வேலையைவிட்டு நீக்கியது. அந்த உடையை வரைந்தவர் ஓவியர் பெனுவா. வேலையை இழந்தவர் ஆடியவர். விடுதலைக்கு விலை கொடுத்தவரை மறந்துவிட்டு ஓவியருக்கு மாலை போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓவியர்களின் கை ஓங்கியபின் நடந்ததையும் பாருங்கள். 1917-இல் 'பரேட்' நடனத்தில் வரும் மேலாளர் பாத்திரங்களுக்குப் பிக்காசோ செய்த உடைகள் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர அட்டைக் கட்டுமானங்கள். உள்ளே இருந்தவரால் நடக்கவும் காலை உதைக்கவும்தான் முடிந்தது. 1921-இல் ஓவியர் லாரியோனோவ் 'ஷூட்' நடனத்துக்குப் பிரம்பு வைத்து விறைப்பாக்கிய உடைகளைத் தந்தார். இதற்குப் பெயர் விடுதலையா?

நூலிழை:
'பரேட்' மேலாளர்கள் நடமாடும் விளம்பரப் பலகைகள். அவர்கள் கனமாக அசைய வேண்டும் என்பதே அந்த நடனத்தின் திட்டம். அதே மேடையில் கழைக்கூத்தாடிகளுக்கு உடலோடு ஒட்டிய உடை. அதன்மேல் நீலச் சுருள்களும் விண்மீன்களும். இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பிக்காசோவை எடைபோட வேண்டும். 1912-இன் 'ஃபான்' (பாதி மனிதன், பாதி ஆடு) நடனத்தில் நிஜின்ஸ்கியின் உடலோடு ஒட்டிய உடையில் விலங்குத் தோலின் திட்டுகளைத் தீட்டியதும் பாக்ஸ்ட்தான். வனதேவதைகளுக்கு நெருக்கமாக மடித்த மெல்லிய அங்கி. பக்கவாட்டில் திரும்பியபடியே நகரும் அந்த நடனம் கிரேக்கக் கலயத்தின் சித்திரமாகத் தெரிவதில் பாதிப் பங்கு அந்த மடிப்புகளுடையது.

தையற்கூடம்:
நடன உடை தைப்பது என் தொழில், ஆகவே குறுக்கிடுகிறேன். நீங்கள் இருவரும் வரைபடங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பாக்ஸ்டின் தாளில் உடல் முறுக்கிக்கொள்ளும், துணி பறக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அக்குளில் துணி இழுக்குமா, வியர்வையில் நனைந்தபின் எவ்வளவு தொங்கும் என்பதையெல்லாம் தாள் சொல்லாது.

1924-இல் 'நீல ரயில்' நடனத்துக்கு உடை வடிவமைப்பாளர் கொகோ ஷனேல் பின்னல் துணியில் நீச்சலுடை கொடுத்தார். பெண்களைக் கோர்செட் என்ற இறுக்கும் உள்ளாடையிலிருந்து விடுவித்தவர் என்று பெயர் பெற்றவர். பார்ப்பதற்கு அதைவிட எளிய உடை இல்லை. ஆனால் ஆடிய லிடியா சோகோலோவாவைத் தூக்கிப் பிடிக்க வேண்டியவருக்கு அந்தத் தளர்ந்த பின்னலில் பிடி கிடைக்கவில்லை. காதில் மாட்டிய பெரிய முத்துத் தோடுகளால் சோகோலோவாவுக்கு இசையே சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் இகழும் குட்டைப் பாவாடை எப்படி வந்தது? 1832-இல் மரீ தாலியோனி ஆடிய காலத்தில் பாவாடை முழங்காலுக்கும் கீழே மணிபோல் தொங்கியது. காலின் வேலைப்பாடு கடினமாக ஆக அது ஏறிக்கொண்டே போனது. 1885-இல் பீட்டர்ஸ்பர்க் வந்த இத்தாலிய நடனமணி விர்ஜீனியா சூக்கி, அங்குள்ள வழக்கத்தைவிடக் குட்டையாகத்தான் உடுத்துவேன் என்று அடம்பிடித்தார். கால் தெரிய வேண்டும் என்று ஆடுபவரே கேட்டு வாங்கிய உடை அது. அதைச் சிறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிழக்கு வாசல்:
யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பாக்ஸ்ட் உடை வரைந்த 1912-இன் 'நீலக் கடவுள்' இந்தியாவில் நடக்கும் கதையாம். நிஜின்ஸ்கி உடலெங்கும் நீலம் பூசி வந்தார். தலையிலோ சயாம் (இன்றைய தாய்லாந்து), கம்போடியச் சாயலில் கிரீடம். 1900-இல் சயாம் நடனக்குழு ஒன்று பீட்டர்ஸ்பர்க் வந்து ஆடியது. அந்த நினைவும் கண்ணனின் நிறமும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. எல்லா நாட்டுக்கும் ஒரே டூட்டூ என்ற குறையைப் பாக்ஸ்ட் தீர்த்தார் என்கிறீர்கள். கிழக்கு முழுவதற்கும் ஒரே உடை என்ற புதுக் குறையை அவர் கொண்டுவந்தாரே! ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா 1923-இல் லண்டனில் 'ராதா கிருஷ்ணா' ஆடியபோது இந்திய நடனக் கலைஞர் உதய் சங்கரைக் கூட்டிக்கொண்டார். ஓர் இந்தியரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதும் ஆடுபவருக்குத்தான்.

நூலிழை:
அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது, மறுக்க மாட்டேன். ஆனால் கனத்தை எதிரியாக்கும் வாதத்தை ஏற்க முடியாது. 1913-இல் 'வசந்தச் சடங்கு' நடனத்துக்கு ஓவியர் ரோரிக் தந்த கம்பளி அங்கிகள் தடித்தவை, தொளதொளவென்றவை. கால்களை உள்நோக்கித் திருப்பி மண்ணை மிதிக்கும் அந்த ஆட்டத்தை டூட்டூவில் எண்ணிப் பாருங்கள்.

மேடைப்பக்கம்:
அப்படியானால் தியாகிலெவே 1921-இல் 'உறங்கும் இளவரசி'க்காக டூட்டூவுக்குத் திரும்பியது ஏன்? பாக்ஸ்ட் வாரி இறைத்த அந்த உடைகள் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் குழுவையே கடனில் ஆழ்த்தின. கடைசியில் அரங்க உரிமையாளர் உடைகளையும் திரைகளையும் பிடித்து வைத்துக்கொண்டார்.

தையற்கூடம்:
கடன் வேறு கணக்கு, நண்பரே. ரோரிக்கின் கம்பளியில் நூலிழை சொல்வதை ஏற்கிறேன். அந்த ஆட்டம் கனத்தைக் கேட்டது. லாரியோனோவின் பிரம்பை எந்த ஆட்டம் கேட்டது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.