மூட்டத்து நாளில் பெட்ஷீட்டுக்கு 45 கேட்டது தப்பா?

பாம்பார்புரம்_சலவை:
கொடைக்கானலில் வீட்டிலேயே துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறேன். மூன்று ஹோம்ஸ்டே வாடிக்கை. டபுள் பெட்ஷீட் 30, டவல் 15, தலையணை உறை 8. இது நான் யோசித்து வைத்த விலை இல்லை. எனக்கு முன்னால் இந்தத் தெருவில் துவைத்துக் கொடுத்த அக்கா வாங்கிய விலை, அப்படியே தொடர்கிறது. போன வாரம், அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் மட்டும் பெட்ஷீட் 45 என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவர் "மழை பெய்தால் அதற்கு நாங்களா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. நான் கேட்டது தப்பா?

வட்டக்கானல்_வாடகைவீடு:
அக்கா, கேட்டது நான் இல்லை. ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மழை மாதத்தில் எங்களுக்கு அறையே ஓடாது. வாடகையைக் குறைத்து ஆள் பிடிக்கிற நேரம் பார்த்து சலவைக் கூலி ஏறினால் எப்படி? சீசனில் அள்ளுகிறீர்களே என்பீர்கள். 2025 சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று ஊருக்குள் வரும் வண்டிக்கு உயர் நீதிமன்றம் அளவு கட்டியது ஞாபகம் இருக்கட்டும். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் கிலோக் கணக்கில் துவைத்துத் தருகிறார்கள். காய்கறி இறக்கப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டால் மூன்றாம் நாள் துணி கைக்கு வந்துவிடும்.

பழைய_இஸ்திரி:
மூன்றாம் நாள் வரும் தம்பி, சரி. நடுவில் ஒரு பிள்ளை மெத்தையை நனைத்துவிட்டால் அன்று ராத்திரிக்கு எதை விரிப்பீர்கள்?

நான் நாற்பது வருஷம் பெட்டி பிடித்தவன். சொல்கிறேன், கேளுங்கள். துவைப்பதற்கு மெஷினும் சோப்பும் இருந்தால் போதும். இந்த ஊரில் வேலையே காய வைப்பதுதான். கீழே பத்து மணிக்குக் கொடியில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் மடித்துவிடலாம். இங்கே மத்தியானம் மூட்டம் ஏறிவிட்டால் பெட்ஷீட்டின் நடு காய்ந்திருக்கும், மடித்துத் தைத்த ஓரம் மட்டும் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும். விரலுக்குத் தெரியாது. நம் குளிரில் காய்ந்த துணியும் சில்லென்றுதான் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த ஓரத்தோடு மடித்து அடுக்கினால் மறுநாள் அடுக்கு முழுக்க வாடை. வந்தவர் உங்கள் வீட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். அம்மா, 45 இல்லை, 50 கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, கன்னமெல்லாம் சரி, கணக்கு எங்கே? 45, 50 எல்லாம் வாயில் வந்த எண். அக்கா, ஒரு லோடுக்கு எத்தனை பெட்ஷீட், செலவு என்ன, உங்கள் நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள்.

பாம்பார்புரம்_சலவை:
ஏழு கிலோ மெஷின், எட்டு பெட்ஷீட் போகும். 240 ரூபாய் வரும். சோப்பு, லாரித் தண்ணீர், வெந்நீர், கரண்ட் எல்லாம் சேர்த்து 60. வெயில் இருந்தால் துவைத்து, விரித்து, தேய்த்து முடிக்க என் கை வேலை ஒன்றரை மணி நேரம். மூட்டம் என்றால் தகரக் கூரைக்கு மாற்றி, திரும்ப வெளியே போட்டு, கடைசியில் தவணையில் எடுத்த டிரையரில் போடுகிறேன். அது ஒரு லோடுக்கு நாலு யூனிட் குடிக்கிறது. வாடை வந்து மறுபடி துவைப்பதும் உண்டு. அதற்கெல்லாம் ஒரு 70 கூட வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மூன்று மணி.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் வெயிலில் 180 மிஞ்சுகிறது, மணிக்கு 120. மூட்டத்தில் 110 மிஞ்சுகிறது, மணிக்கு 37 கூட இல்லை. ஹோம்ஸ்டேக்காரரின் ஈரத்துக்கு உங்கள் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனாலும் மழை ரேட் வேண்டாம். மூன்று லோடில் ஒன்று மூட்டத்து லோடு என்று வைப்போம். அதற்கு மேல்செலவு 70. கூடுதல் ஒன்றரை மணிக்கு மணிக்கு நூறு வீதம் 150. மொத்தம் 220. மூன்று லோடுக்கு, அதாவது 24 பெட்ஷீட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். வருஷம் முழுக்க 40 என்று வையுங்கள். யாரும் வானத்தைப் பார்த்துச் சண்டை போட மாட்டார்கள்.

பழைய_இஸ்திரி:
அங்கேதான் பிள்ளை கோட்டை விடுகிறார். மே மாதம் வெயில் அடிக்கும்போது 40 என்றால் தம்பி சொன்ன காய்கறி வண்டி கிளம்பிவிடும். நல்ல வேலை அத்தனையும் வத்தலக்குண்டுக்குப் போகும், மழையில் மட்டும் அம்மா வீட்டு வாசலில் மூட்டை வந்து நிற்கும். அப்புறம் மூன்றில் ஒன்று என்ற கணக்கு என்ன ஆகும்?

வட்டக்கானல்_வாடகைவீடு:
ஐயா சொல்வது நிஜம், நானே அப்படித்தான் செய்வேன். ஒளிக்க என்ன இருக்கிறது? இன்னொன்று, எனக்கு பில் வேண்டும். ஜிஎஸ்டி இல்லாமல் எப்படித் தருவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
சலவை சேவைத் தொழில். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. சாதாரண பில் புத்தகம் போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம், ஆன்லைனிலேயே முடியும், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். என் கவலை வேறு. டிரையர் வீட்டு இணைப்பில்தானே ஓடுகிறது? 2003 மின்சாரச் சட்டத்தின் பிரிவு 126-இல், அனுமதியில்லாத மின் பயன்பாடு என்று மாட்டினால், போட வேண்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்டச் சொல்வார்கள். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வணிக இணைப்பு என்று ஆனால் அந்த 60, 70 எல்லாம் ஏறும். ஐயாவின் வண்டி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று செய்யலாம். வருஷம் முழுக்க எனக்கே துணி தருகிறேன் என்பவருக்கு 40. வேண்டும்போது மட்டும் வருபவருக்கு வெயிலில் 35, மூட்டத்தில் 50.

பழைய_இஸ்திரி:
இப்போது பேச்சு. ஆனால் ஒரு மாதத்துக்கு இத்தனை பெட்ஷீட்டுக்குக் குறையாமல் தருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. வாய் வார்த்தை மூட்டத்தில் நிற்காது.

பாம்பார்புரம்_சலவை:
மின்வாரியம் பற்றித் தெரியாது, திங்கட்கிழமை போகிறேன். இரண்டு ரேட்டையும் இப்போதே மூன்று பேருக்கும் அனுப்பினேன். ஒருவர் 40க்குச் சரி, மாதம் 60 உருப்படி என்றார். ஒருவர் யோசித்துச் சொல்கிறாராம். மழைக்கு நாங்களா பொறுப்பு என்று கேட்டவர் படித்துவிட்டார், இரண்டு நீலக் கோடு தெரிகிறது, பதில் இல்லை.

வட்டக்கானல்_வாடகைவீடு:
அவர் வராவிட்டால் அந்த இடத்தில் என்னைப் போடுங்கள் அக்கா, 40க்கே. வெள்ளிக்கிழமை எட்டு பெட்ஷீட் அனுப்புகிறேன். ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், சொல்லிவிட்டேன்.