வீயில் ப்ரால் பேக்கப்: ஐஎஸ்ஓவா, டபிள்யூபிஎஃப்எஸ்ஸா? ஹார்ட் டிஸ்க்கை எதில் ஃபார்மேட் செய்வது?

மஞ்சள்பூனை:
ஹோம்ப்ரூ சேனல் (வெளியார் எழுதிய ஆப்ஸை ஓட்ட உதவுவது) போட்ட வீ, அதாவது நிண்டெண்டோவின் கேம் கன்சோல், இருக்கிறது. லென்ஸுக்கு வயதாகிவிட்டது. மற்ற டிஸ்க்குகளைப் படிக்கிறது, சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் ப்ராலை மட்டும் துப்பிவிடுகிறது. நண்பனுடைய வீயில் போட்டு டிஸ்க்கை நகலெடுக்கும் க்ளீன்ரிப் ஆப் மூலம் என் டிஸ்க்கின் ஐஎஸ்ஓவை (முழு நகல் ஃபைல்) எடுத்தேன். பென்டிரைவின் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஃபாட்32 என்பதால் நான்கு துண்டுகளாக வந்திருக்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மேட் செய்து வைத்திருக்கிறேன், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஆட்டங்களை ஓட்டும் யூஎஸ்பி லோடர் ஜிஎக்ஸ் ஆப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய வீடியோ ஒன்றில் டபிள்யூபிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போடச் சொல்கிறார்கள். போடலாமா? கேம்க்யூப் (வீக்கு முந்தைய நிண்டெண்டோ கன்சோல்) ஆட்டங்களும் இதே ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும்.

சுருள்கம்பி:
வேண்டாம் ப்ரோ. அது 2009 காலத்து வழக்கம். அப்போது வீக்கென்றே டபிள்யூபிஎஃப்எஸ் என்று தனி ஃபைல் சிஸ்டம் எழுதி, பார்ட்டிஷன் முழுவதையும் அதற்குக் கொடுத்தார்கள். கணினியில் சொருகினால் விண்டோஸுக்கு ஒன்றும் புரியாது, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வீட்டில் யாராவது சரி என்று தட்டினால் எல்லாம் போச்சு. இப்போது புழக்கத்தில் இருப்பது டபிள்யூபிஎஃப்எஸ் ஃபைல். சாதாரண டிஸ்க்கில் சாதாரண ஃபைலாகவே உட்காரும்.

ஹார்ட் டிஸ்க்கை ஃபாட்32 ஆக்குங்கள். பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் பட்டியல்) எம்பிஆர் வகையில் இருக்கட்டும், ஜிபிடி வேண்டாம். க்ளஸ்டர் அளவு 32 கேபி. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 காட்டாது, ரூஃபஸ் மாதிரி ஏதாவது ஃபார்மேட் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்பூனை:
ஃபாட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாதே? ப்ரால் கிட்டத்தட்ட 8 ஜிபி.

சுருள்கம்பி:
அதற்குத்தான் டபிள்யூபிஎஃப்எஸ் ஃபைல். வீ டிஸ்க்கில் ஆட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மிச்ச இடத்தைக் குப்பைத் தரவால் நிரப்பியிருப்பார்கள். முழு ஐஎஸ்ஓ எடுத்தால் அந்தக் குப்பையும் சேர்ந்து வரும். ஓரடுக்கு டிஸ்க் எதுவானாலும் 4.37 ஜிபி என்று வருவது அதனால்தான். டபிள்யூபிஎஃப்எஸ் அதைக் கழித்துவிடும். நியூ சூப்பர் மாரியோ ப்ரோஸ் வீ சில நூறு எம்பிக்கு இறங்கிவிடும்.

ப்ரால் அப்படி இளைக்காது. இரட்டை அடுக்கு டிஸ்க், உள்ளே உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. (2008இல் வெளிவந்தபோதே லென்ஸில் தூசி படிந்த வீக்களில் முதலில் மக்கர் செய்தது இந்த டிஸ்க்தான்.) அதனால் ஃபைல் இரண்டாகப் பிரியும். முதல் ஃபைல் பெயரின் கடைசியில் டபிள்யூபிஎஃப்எஸ் என்றும், அடுத்ததில் டபிள்யூபிஎஃப்1 என்றும் இருக்கும். கணினியில் ஓடும் வீ பேக்கப் மேனேஜரில் டிரான்ஸ்ஃபர் கொடுத்தால் பிரிப்பது, ஃபோல்டர் போடுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். டபிள்யூபிஎஃப்எஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆட்டத்தின் பெயர், பக்கத்தில் சதுர அடைப்பில் ஆறெழுத்து ஐடி. அமெரிக்கப் பதிப்பு என்றால் ஆர்எஸ்பிஇ01.

ராத்திரிராஜா:
இவ்வளவு பாடு எதற்கு? நான் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் முழு ஐஎஸ்ஓவாகப் போட்டு விளையாடுகிறேன், லோடர் படிக்கிறதே.

சுருள்கம்பி:
லோடர் படிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஹோம்ப்ரூ சேனல் என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஆப்ஸ் எடுக்காது, கேம்க்யூப் ஆட்டங்களை ஓட்டும் நிண்டெண்டான்ட்டும் அதை ஏற்காது. பூனைக்குக் கேம்க்யூப் வேண்டுமாம். ஒரே டிஸ்க்கில் இரண்டும் என்றால் ஃபாட்32தான் எளிய வழி.

கேம்க்யூப் ஆட்டங்களை டபிள்யூபிஎஃப்எஸ் ஆக்க முயல வேண்டாம், ஐஎஸ்ஓவாகவே இருக்கட்டும். அந்த டிஸ்க் ஒன்றரை ஜிபிக்குள்தான், பிரிக்கும் பேச்சே இல்லை. 'கேம்ஸ்' ஃபோல்டருக்குள் ஆட்டத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் 'கேம்' என்ற பெயரில் ஐஎஸ்ஓ. ரெசிடென்ட் ஈவில் 4 மாதிரி இரண்டு டிஸ்க் ஆட்டமானால் அடுத்ததற்கு 'டிஸ்க்2' என்று பெயர். ஃபோல்டர் பெயர்கள் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான்.

பழையசிடி:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த நான்கு துண்டுகளை முதலில் ஒன்றாக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டின் காப்பி கட்டளையே போதும். ஆனால் பைனரி முறை என்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஃபைல்களைச் சேர்த்தால் அது எழுத்து ஃபைலாக நினைத்து, முடிவுக்குறி போல ஒரு பைட் கண்ட இடத்தில் நிறுத்திவிடும். துண்டு 0இலிருந்து வரிசை மாறாமல் கொடுங்கள். சேர்த்ததும் எம்டி5 (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, சரியான நகல்களின் குறியீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ரீடம்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், டபிள்யூபிஎஃப்எஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை அழித்துவிடாதீர்கள். கழித்த தரவு திரும்பி வராது, பிறகு ஐஎஸ்ஓ ஆக்கினாலும் அந்த எம்டி5 பொருந்தாது. கணினியில் சேமிக்க, வீ ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரின் ஆர்விஇசட் ஃபைல் வகை நல்லது. எதுவும் இழக்காமல் சுருக்கும், வேண்டும்போது அதே ஐஎஸ்ஓவைத் திருப்பித் தரும். வீ மட்டும் அதைப் படிக்காது.

மஞ்சள்பூனை:
எம்டி5 பொருந்தியது. டிஸ்க்கை ஃபாட்32 ஆக்கி டிரான்ஸ்ஃபரும் செய்தாயிற்று. ஆனால் லோடர் இன்னும் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

பழையசிடி:
பின்னால் இரண்டு யூஎஸ்பி போர்ட் இருக்கும், கன்சோலின் ஓரத்தை ஒட்டியதில் சொருகுங்கள். தனி அடாப்டர் இல்லாத டிஸ்க் என்றால் இரண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் வாங்கி, இன்னொரு முனையை மற்ற போர்ட்டில் மின்சாரத்துக்குக் கொடுங்கள்.

மஞ்சள்பூனை:
ஓரத்துப் போர்ட்டுக்கு மாற்றியதும் ப்ரால் அட்டைப்படம் வந்துவிட்டது, ஆட்டமும் ஓடுகிறது. ஒய் கேபிள் தேவைப்படவில்லை. நன்றி ப்ரோஸ். கேம்க்யூப் ஐஎஸ்ஓக்களை இன்று இரவு ஏற்றுகிறேன்.