குடல் புற்றுநோய்ச் சோதனைக்கு ஊர்ச்சனத்தை எப்பிடி வரப்பண்ணுறது?

விசுவமடு வாசி
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில செயலாளரா இருக்கிறன். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை பெருங்குடல் புற்றுநோயில மோசம் போயிட்டார். இரத்தம் போகேக்க மூலம் எண்டு நினைச்சு, துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க ஈரலுக்கும் பரவிட்டுது.

சுகவனிதையர் கிளினிக்குக்கு மிட்வைஃப் அம்மா சொன்னால் எங்கட பொம்பிளையள் போவினம். மலச்சோதனை, குடலுக்குள்ள கமரா எண்டு கதைச்சால் எழும்பிப் போயிடுவினம். ஆம்பிளையள் கூட்டத்துக்கே வராயினம். என்ன சொல்லிக் கூப்பிடுறது?

தாதி அக்கா
தங்கச்சி, ரெண்டு விசயத்தைப் பிரிச்சுச் சொல்லுங்கோ. இரத்தம் போறவை, மலம் போற பழக்கம் கிழமைக்கணக்கா மாறினவை, காரணமில்லாமல் மெலியிறவை, இரத்தச்சோகை எண்ட ஆம்பிளையள், இவையள் ஸ்கிரீனிங்குக்குக் காத்திருக்கக் கூடாது. நேர டொக்டரிட்டப் போகவேணும்.

ஸ்கிரீனிங் ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு. குடல் சுவரில வாற பொலிப் எண்ட சின்ன வளர்ச்சி புற்றுநோயா மாற அநேகமா 10 வருசமளவில எடுக்கும். அதுக்குள்ள கண்டால் கொலோனோஸ்கோபி, அதுதான் குடலுக்குள்ள கமரா விடுற சோதனை, செய்யேக்கயே வெட்டி எடுத்திடலாம். அமெரிக்காவில ஸ்கிரீனிங் தொடங்கிற வயசை 2021இல 50இல இருந்து 45க்குக் குறைச்சவை. ஃபிட் எண்ட மலச்சோதனை கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும். அதில இரத்தம் இருக்கெண்டு வந்தால் கட்டாயம் கமரா விட்டுப் பார்க்கவேணும். அந்த மலச்சோதனைக்கு வசதி இருக்கோ எண்டு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில கேளுங்கோ.

முழங்காவில் தம்பி
பயத்தைப் போக்கச் செய்துகொண்ட ஆள் கதைக்கவேணும் அக்கா. என்ர அண்ணாவுக்கு 47 வயசில வந்தது. கூடப்பிறந்தவை 40 வயசில, இல்லாட்டி அவருக்குக் கண்டுபிடிச்ச வயசுக்கு 10 வருசம் முந்தி, எது முதல் வருதோ அப்பவே செய்யவேணும் எண்டு டொக்டர் சொன்னார். செய்தன். முதல் நாள் தந்த மருந்துத்தண்ணியைக் குடிச்சு முடிக்கிறதுதான் பெரிய பாடு. இளநீர், தெளிஞ்ச சூப் குடிக்கலாம், சிவப்பு நிறக் குளிர்பானம் கூடாது. கமரா விட்டது ஞாபகமே இல்லை, ஊசி போட்டு அரைத்தூக்கத்தில வைச்சிருந்தவை. பொலிப் ஒண்டு இருந்தது, அப்பவே எடுத்திட்டினம். அண்டைக்கு மோட்டர்சைக்கிள் ஓடக்கூடாது, துணைக்கு ஒராள் வேணும். எங்கட சனத்துக்கு அந்தத் துணைதான் பிரச்சினை. சங்கம் அதைப் பொறுப்பெடுத்தால் பாதி வேலை முடிஞ்சுது.

குளக்கட்டு
ஆம்பிளையளை மாதர் சங்கத்துக்குக் கூப்பிடாதேங்கோ பிள்ளை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு நீங்கள் வாங்கோ. உரமானியம் கதைக்கிற அண்டைக்கு எல்லாரும் நிப்பினம். காலபோக அரிவுவெட்டு நேரத்தில மட்டும் வேண்டாம், ஒருத்தரும் காது குடுக்கமாட்டினம்.

விசுவமடு வாசி
தம்பி, நீங்களே வந்து கதைப்பீங்களோ? பஸ் காசு சங்கம் தரும். அந்த அண்ணைக்குக் கண்டுபிடிச்சது 49இல. தர்மபுரத்தில ரெண்டு தம்பிமார், ரெண்டுபேரும் 40 தாண்டினவை. கூட்டத்துக்கு முதல் அவையளிட்டத்தான் போகப்போறன். அக்கா, எங்க போகச் சொல்லுறது?

தாதி அக்கா
பக்கத்து ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில (ஓ.பி.டி.) அண்ணையின்ர வருத்தத்தைச் சொல்லி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் கேக்கச் சொல்லுங்கோ. அரச ஆஸ்பத்திரியில காசில்லை. அண்ணையின்ர கிளினிக் கொப்பி அண்ணியிட்ட இருந்தால் அதையும் கொண்டுபோகட்டும்.

முழங்காவில் தம்பி
வாறன் அக்கா. நாளைச் சொல்லுங்கோ.